இன்டர்நெட், வெப், வைஃபை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

மாலை நேர வகுப்பில் பெரியவர்களுக்கு கம்ப்யூட்டரும் செல்போனும் சொல்லிக்கொடுக்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் வீடியோ காலில் பேசியே ஆகவேண்டிய அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில்களைக் கொடுத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

மேடம், இன்டர்நெட்னாலும் வெப்னாலும் ஒண்ணுதானே? ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்றீங்களே?

இரண்டும் வேறு. உலகத்தில் உள்ள கணினிகளும் போன்களும் ஒன்றோடொன்று பேசுவதற்கான இணைப்புகளும், எப்படிப் பேசவேண்டும் என்ற விதிகளும் சேர்ந்ததுதான் இன்டர்நெட். அதன் மேல் ஓடும் பல சேவைகளில் ஒன்று வெப், அதாவது பிரவுசரில் முகவரி கொடுத்துத் திறக்கும் பக்கங்களும் அவற்றை இணைக்கும் லிங்க்குகளும். வாட்ஸ்அப்பில் மகளிடம் பேசும்போது இன்டர்நெட் வேலை செய்கிறது, வெப் பக்கம் எதையும் நீங்கள் திறக்கவில்லை.

இரண்டுக்கும் வயதிலேயே இருபது வருட வித்தியாசம் உண்டு. 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, இன்டர்நெட்டின் முன்னோடி வலையமைப்பான ஆர்பாநெட் வழியாக முதல் செய்தி போனது. 'லாகின்' என்று அனுப்பப் பார்த்தார்கள், முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் எதிர்முனையில் இருந்த கணினி நின்றுவிட்டது. விண்ட் செர்ஃபும் பாப் கானும் வகுத்த டிசிபி/ஐபி விதிகளுக்கு அந்த வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று மாறியது, இன்று நம் போன் பேசுவதும் அதே விதிகளின் வழியில்தான்.

வெப் அதற்குப் பிறகு வந்தது. ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் அதற்கான யோசனையை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, இதை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. வெப் இவ்வளவு பரவியதற்கு என்னைக் கேட்டால் அந்த முடிவைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் வழியாக வந்தது.

வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா எதுவும் ஓபன் ஆக மாட்டேங்குது. எங்க தப்பு?

வைஃபை என்பது உங்கள் போனுக்கும் கூடத்தில் இருக்கும் ரவுட்டர் பெட்டிக்கும் நடுவில் உள்ள இணைப்பு மட்டும்தான். போனில் வைஃபை குறியின் கோடுகள் முழுதாக இருந்தால் பெட்டி வரைக்கும் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், பெட்டிக்கு அப்பால் என்ன நிலைமை என்று அது சொல்லாது. முதலில் வீட்டில் இன்னொரு போனில் பாருங்கள். அதில் வேலை செய்தால் கோளாறு உங்கள் போனில். எதிலுமே வரவில்லை என்றால் பெட்டியைப் பாருங்கள், ஃபைபர் இணைப்பாக இருந்து எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியில் இருந்து வரும் கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை. அப்போது அணைத்துப் போட்டுப் பயனில்லை, கம்பெனிக்குப் போன் செய்யவேண்டியதுதான். வாட்ஸ்அப் போகிறது, ஒரு சைட் மட்டும் திறக்கவில்லை என்றால் உங்கள் இணைப்பு சரியாக இருக்கிறது. அந்த வகைக் கோளாறு அடுத்தடுத்த பதில்களில் வரும்.

ஏம்மா, இன்டர்நெட் சேட்டிலைட்ல இருந்துதான வருது?

இல்லைங்க ஐயா, பெரும்பாலும் கடலுக்கு அடியில் இருந்து வருகிறது. உங்கள் போன் டவரோடு காற்றில் பேசுகிறது, அந்த டவரில் இருந்து பெரும்பாலும் ஃபைபர் கேபிளில்தான் மேற்கொண்டு போகிறது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் போக்குவரத்தில் ஏறக்குறைய எல்லாமே கடலடிக் கேபிள்களில்தான். ஆழ்கடலில் கிடக்கும் பகுதி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தடிமன்தான், நடுவில் தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைகள், அதில் ஒளி ஓடுகிறது.

இந்தியாவில் இந்தக் கேபிள்கள் அதிகம் கரையேறும் ஊர்கள் மும்பையும் சென்னையும். சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு சுமார் 3,200 கிலோமீட்டருக்கு ஒரு கேபிள் கிடக்கிறது. தூத்துக்குடியில் இருந்து கொழும்பு பக்கமும் ஒன்று போடப்பட்டது. சென்னையில் இருந்து அந்தமானுக்கு சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, அதற்கு முன்னால் அந்தமான் மக்கள் சேட்டிலைட்டை நம்பித்தான் இருந்தார்கள், மெதுவாகவும் இருக்கும், செலவும் அதிகம். 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் நெட் தள்ளாடியது.

சேட்டிலைட்டும் உண்டு. பழைய வகை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், கேட்டது போய்ப் பதில் வருவதற்குள் அரை விநாடி ஓடிவிடும். ஸ்டார்லிங்க் போன்றவை 550 கிலோமீட்டர் வாக்கில் பறப்பதால் அந்தத் தாமதம் வெகுவாகக் குறைகிறது. கேபிள் போடமுடியாத மலை, தீவு, கப்பல் இவற்றுக்கு அது நல்ல வழி.

அட்ரஸ் டைப் பண்ணி என்டர் தட்டுனதும் உள்ள என்னதான் நடக்குது?

இந்த ஒரு பதில் புரிந்துவிட்டால் மீதி பாதி தானாகப் புரியும். கணினிகளுக்குள் அடையாளம் எண்தான், அதற்கு ஐபி முகவரி என்று பெயர். நீங்கள் அடிப்பது மனிதர்கள் நினைவில் வைக்கிற பெயர். அதனால் முதல் வேலை, பெயரைக் கொடுத்து எண்ணை வாங்குவது. இதைச் செய்யும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். உங்கள் சார்பாக ஒரு சர்வர், அதாவது கேட்பவர்களுக்குப் பதில் கொடுக்கும் கணினி, போய், எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் சர்வரிடம் கேட்கும், அது 'டாட் இன் பெயர்களை இவர்தான் கவனிக்கிறார்' என்று கைகாட்டும், அவரிடம் கேட்டால் 'அந்தப் பெயருக்கு உரிய சர்வர் இது' என்பார், கடைசியாக அங்கே எண் கிடைக்கும். ரூட் சர்வர்களுக்கு மொத்தம் 13 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்கப் பல நகல்கள். ஒருமுறை வாங்கிய பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு தடவையும் இவ்வளவு அலைச்சல் இல்லை. ஆரம்பத்தில் எல்லாப் பெயர்களையும் ஒரே கோப்பில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எழுதி வைத்திருந்தார்கள், மற்ற எல்லாரும் அதை நகலெடுத்துக்கொள்வார்கள். அது தாங்காத நிலை வந்தபோது 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்.

எண் கிடைத்ததும் பிரவுசர் அந்தக் கணினியோடு தொடர்பு ஏற்படுத்தி, 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்று கேட்கிறது. முதலில் வருவது வெறும் எழுத்தும் குறியீடுகளும்தான். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இதற்கு இன்ன இன்ன படம், எழுத்துரு, நிரல் வேண்டும் என்று பிரவுசர் மறுபடி பல கோரிக்கைகள் அனுப்பும். சில பக்கங்களில் எழுத்து முதலில் வந்து படம் பின்னால் நிரம்புவது இதனால்தான்.

பிழைச் செய்திகளையும் இப்போது படிக்கலாம். சைட்டின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டது, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். 404 வந்தால் சர்வர் வரைக்கும் போய்விட்டீர்கள், அந்தப் பக்கம்தான் அங்கே இல்லை. 503 என்றால் சர்வரால் இப்போது பதில் சொல்ல முடியவில்லை, பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நிற்கும்போது வருவது இந்த வகைதான். அதற்கு உங்கள் போனை ஆஃப் செய்து ஆன் செய்வதில் பலன் இல்லை.

ஒரு வீடியோ முழுசா ஒரே துண்டாவா வருது?

இல்லை. எல்லாமே பாக்கெட் எனப்படும் சிறு சிறு துண்டுகளாகத்தான் போகிறது, ஒரு துண்டு சாதாரணமாக 1,500 பைட் வரை. ஒவ்வொன்றிலும் அனுப்புநர் எண்ணும் பெறுநர் எண்ணும் இருக்கும். வழியில் தொலைந்த துண்டை டிசிபி மறுபடி கேட்டு வாங்கி, வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். அதனால்தான் டவுன்லோடு செய்த கோப்பு எவ்வளவு மோசமான நெட்டிலும் முழுதாக வருகிறது, நேரம் மட்டும் ஆகும். வீடியோ காலில் அப்படிக் காத்திருந்தால் பேச்சு பின்தங்கிப் போகும் என்பதால், தொலைந்தது தொலைந்ததாகவே விட்டுவிட்டு அடுத்ததைக் காட்டுகிறார்கள். குரல் வெட்டி வெட்டி வருவது அதனால்தான்.

100 பிளான் போட்டிருக்கேன், டவுன்லோடு பண்ணும்போது 12-ன்னுதான் காட்டுது. ஏமாத்துறாங்களா?

பிளானில் சொல்வது மெகா பிட், டவுன்லோடில் காட்டுவது மெகா பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஸ்பீடு டெஸ்ட்ல நல்லா வருது, ஆனா கேம் ஆடுனா லேக் அடிக்குதுன்னு பையன் கத்துறான். எப்படி?

ஒரு விநாடியில் எவ்வளவு வருகிறது என்பது வேறு, ஒரு துண்டு போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு. கேமில் லேக் என்று சொல்வது இந்த இரண்டாவது தாமதத்தைத்தான். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். மேலே சொன்ன சென்னை-சிங்கப்பூர் கேபிளில் போய்வர 6,400 கிலோமீட்டர், அதற்கே குறைந்தது 32 மில்லி விநாடி வேண்டும். அமெரிக்காவில் உள்ள சர்வர் என்றால் 200-ஐத் தாண்டுவது சாதாரணம். இந்தத் தாமதம் பணம் கட்டிப் பெரிய பிளான் வாங்கினாலும் குறையாது. கேமில் ஆசியச் சர்வரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் வைஃபைக்குப் பதிலாகக் கேபிளில் இணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரிய வீடியோ நிறுவனங்கள் இந்தத் தூரத்தைச் சமாளிக்க, அதிகம் பார்க்கப்படும் படங்களின் நகலை நம் ஊர் இன்டர்நெட் நிறுவனங்களின் இடத்திலேயே வைத்துவிடுகின்றன. இன்னொன்றும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் இந்தியாவில் இரண்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் அனுப்புவதே வெளிநாடு சுற்றி வரும் நிலை இருந்தது. உள்நாட்டிலேயே கைமாற்றிக்கொள்ள நிக்ஸி என்ற அமைப்பு 2003-ல் தொடங்கப்பட்டது, சென்னையிலும் அதன் சந்திப்பு மையம் இருக்கிறது.

போட்டோ எல்லாம் கிளவுட்ல இருக்குன்னா எங்கதான் இருக்கு?

ஏதோ ஓர் ஊரில், குளிரூட்டிய கட்டடத்தில், யாரோ ஒரு நிறுவனத்தின் வட்டுகளில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் சென்னையிலும் அமேசான் மும்பையிலும் ஹைதராபாத்திலும் இப்படி மையங்கள் வைத்திருக்கின்றன. இடத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: பல போன்களில் கிளவுடும் போனும் ஒன்றையொன்று பார்த்து ஒத்துப்போகும்படி அமைத்திருப்பார்கள். போனில் இடம் வேண்டும் என்று படத்தை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். கல்யாணப் படம், பிள்ளைகளின் படம் எல்லாம் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

'உன் ஐபி அட்ரஸ் எங்ககிட்ட இருக்கு'ன்னு ஒருத்தன் போன்ல மிரட்டுறான். வீட்டைக் கண்டுபிடிச்சிடுவானா?

முடியாது. நீங்கள் தொடர்பு கொள்ளும் ஒவ்வொரு சைட்டுக்கும் உங்கள் எண் தெரியத்தான் செய்யும், இல்லாவிட்டால் பதில் எங்கே அனுப்புவது? அதை வைத்து வெளியாள் கண்டுபிடிப்பது எந்த நிறுவனம், ஏறக்குறைய எந்த ஊர் என்ற அளவுதான், பல சமயம் ஊரே தவறாக இருக்கும். பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள், அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஐபி ஆறாம் பதிப்பு இந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க வந்தது. எந்த நேரத்தில் எந்த எண் யாரிடம் இருந்தது என்பது இன்டர்நெட் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும், சட்டப்படி கேட்டு வாங்க போலீசால் முடியும்.

இந்த மிரட்டல் பெரும்பாலும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியின் ஆரம்பம், அதாவது போனிலேயே உங்களைக் கைது செய்துவிட்டதாகப் பயமுறுத்திப் பணம் பறிப்பது. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

பூட்டுப் படம் இருந்தா நம்பி பணம் கட்டலாம்தானே?

கூடாது. இந்த நம்பிக்கையால் பணம் இழந்தவர்களைப் பார்த்துவிட்டதால் அழுத்திச் சொல்கிறேன். பூட்டு, அதாவது எச்டிடிபிஎஸ், சொல்வது ஒன்றே ஒன்று: உங்களுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவில் போவதை வேறு யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாது. பழைய எச்டிடிபி தபால் அட்டை மாதிரி, வழியில் இருக்கும் எவரும் படிக்கலாம். இது ஒட்டிய உறை. ஆனால் உறையை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது உங்கள் பொறுப்பு, திருடனுக்கே ஒட்டிய உறையில் அனுப்பலாம்.

அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழை இப்போது யாரும் இலவசமாகச் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம், போலி சைட் நடத்துபவர்கள் உட்பட. மக்கள் பூட்டைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் குரோம் பிரவுசர் 2023-ல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

அப்போ லிங்க்கைப் பார்த்தே போலின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வலமிருந்து இடமாகப் படியுங்கள். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கடைசியில் இருக்கும் பகுதிதான் உரிமையாளர் யார் என்று சொல்லும். உதாரணத்துக்குத் தமிழிலேயே எழுதுகிறேன்: 'உங்கள்வங்கி.காம்.கேஒய்சி-அப்டேட்.நெட்'. முன்னால் வங்கிப் பெயர் இருக்கிறது, ஆனால் இதன் சொந்தக்காரர் 'கேஒய்சி-அப்டேட்.நெட்' என்ற பெயரை வாங்கியவர். முன்னால் எதை வேண்டுமானாலும் அவர் ஒட்டிக்கொள்ளலாம். டிஎன்எஸ்ஸும் கடைசிப் பகுதியில் இருந்துதான் தேட ஆரம்பிக்கிறது என்பதை நான்காம் பதிலில் பார்த்தோம்.

இந்திய வங்கிகள் எல்லாம் '.பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அப்படி முடியும் முகவரியை வங்கிகள் மட்டுமே வாங்கமுடியும். வங்கியின் பெயரில் எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்கின் முகவரி அப்படி முடியவில்லை என்றால் தொடாதீர்கள்.

இன்காக்னிட்டோல போனா யாருக்கும் தெரியாதுல்ல?

அதே போனை எடுத்துப் பார்க்கும் வீட்டாருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அது செய்வது, பார்த்த பக்கங்களின் பட்டியலையும் குக்கிகளையும் மூடும்போது அழித்துவிடுவது. குக்கி என்பது நீங்கள் யார் என்று நினைவு வைக்க சைட் உங்கள் பிரவுசரில் விட்டுப்போகும் சிறு குறிப்பு, 1994-ல் நெட்ஸ்கேப் என்ற அந்தக் காலப் பிரவுசரில் லூ மொன்டுல்லி என்ற பொறியாளர் கொண்டுவந்தது. நீங்கள் போகும் சைட்டுக்கு உங்கள் ஐபி தெரியும். பூட்டைப் பற்றிய பதிலில் சொன்ன உறையின் வெளிப்பக்கம், அதாவது எந்த சைட் என்பது, உங்கள் இன்டர்நெட் நிறுவனத்துக்கு சாதாரணமாகத் தெரியும், உள்ளே என்ன படித்தீர்கள் என்பது தெரியாது. விபிஎன், அதாவது உங்கள் போக்குவரத்தை இன்னொருவரின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை, போட்டால் அந்தப் பார்வை உங்கள் நிறுவனத்திடம் இருந்து விபிஎன் நடத்துபவரிடம் மாறுகிறது. இலவச விபிஎன்னை நடத்துவது யார் என்று தெரியாமல் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

முகவரியைத் தமிழ்லயே வைக்க முடியாதா?

முடியும். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' மூன்றுமே தமிழ் எழுத்தில் அதிகாரபூர்வமாக இருக்கின்றன. டிஎன்எஸ் ஆங்கில எழுத்துக்காக உருவானது என்பதால், பிரவுசர் தமிழ்ப் பெயரை உள்ளுக்குள் எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் ஓர் ஆங்கிலச் சரமாக மாற்றித்தான் கேட்கும். நீங்கள் நகலெடுத்து ஒட்டும்போது விநோதமான எழுத்துக்கூட்டம் தெரிந்தால் பயப்படவேண்டாம், அதுதான் இது. தமிழ்ப் பெயர்களை இன்னும் நிறையப் பேர் வாங்கிப் பயன்படுத்தவேண்டும் என்பது என் ஆசை, ஆங்கில எழுத்து தெரியாத காரணத்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டியதில்லை.

எங்க நெட் நல்லாதான் இருந்துச்சு, ஃபேஸ்புக் மட்டும் எப்படி உலகம் முழுக்கக் காணாமப் போச்சு?

2021 அக்டோபர் 4 அன்று நடந்தது அது. இன்டர்நெட் என்பது ஆயிரக்கணக்கான தனித்தனி வலையமைப்புகள் சேர்ந்தது. 'இந்த எண்கள் என்னிடம் இருக்கின்றன, என் வழியாக வாருங்கள்' என்று ஒவ்வொன்றும் பக்கத்து வலையமைப்புகளுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அதற்கான விதிதான் பிஜிபி. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு தவறான கட்டளையால் ஃபேஸ்புக்கின் உள் இணைப்புகள் அறுந்தன, அதன் டிஎன்எஸ் சர்வர்களும் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. பெயரைக் கேட்டால் எண் சொல்ல ஆள் இல்லை. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் விழுந்து கிடந்தன.

இந்த அறிவிப்புகளைப் பக்கத்தில் உள்ளவர்கள் பெரும்பாலும் நம்பித்தான் ஏற்கிறார்கள். 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டுக்குள் மட்டும் தடுக்கப் போன பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்பு வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் யூடியூப் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அறிவிப்புகளைக் கையெழுத்திட்டுச் சரிபார்க்கும் முறை வந்து, மெதுவாகப் பரவி வருகிறது.

அப்போ இன்டர்நெட் யாருக்குத்தான் சொந்தம்? யாராவது மொத்தமா ஆஃப் பண்ண முடியுமா?

முழுதாக யாருக்கும் சொந்தமில்லை. கேபிளும் டவரும் அந்தந்த நிறுவனங்களுடையவை. பெயர்களையும் எண்களையும் ஒழுங்குபடுத்துவது ஐகேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, 1998-ல் தொடங்கியது. விதிகளை எழுதுவது ஐஇடிஎஃப் என்ற பொறியாளர் கூட்டம், அதில் யாரும் கலந்துகொள்ளலாம். உலகம் முழுவதையும் அணைக்கும் சுவிட்ச் எங்கேயும் இல்லை.

ஒரு நாட்டுக்குள், ஒரு மாவட்டத்துக்குள் அணைப்பது நடக்கிற காரியம். அங்கே சேவை கொடுக்கும் சில நிறுவனங்களுக்கு அரசு உத்தரவு போட்டால் போதும். 2011 ஜனவரி கடைசியில் எகிப்து அரசு அப்படிச் செய்தபோது, மேலே சொன்ன பிஜிபி அறிவிப்புகள் மளமளவென்று மறைந்து அந்த நாடு ஏறக்குறைய முழுவதும் துண்டிக்கப்பட்டது. இந்தியாவில் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் உத்தரவிடலாம், ஓர் உத்தரவு 15 நாளைத் தாண்டக்கூடாது. காஷ்மீரில் நெட் நிறுத்தப்பட்டது பற்றிய வழக்கில் 2020 ஜனவரியில், காலவரையில்லாமல் நிறுத்தி வைப்பது செல்லாது, உத்தரவுகளை வெளியிடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பகுதியில் நெட் நின்றால் உத்தரவு வெளியாகியிருக்கிறதா என்று கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் நிறுத்தப்படும், சாதாரண போன் காலும் எஸ்எம்எஸ்ஸும் அப்போதும் போகும், அதனால் முக்கியமான எண்களை வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருக்காமல் போனிலும் பதிந்து வையுங்கள்.